விளைத்த கை, நூற்ற கை, நெய்த கை
மாணவர் அமைத்த ஒரு திரைக் கண்காட்சி

கண்காட்சி என்றால் என்னவென்று நம் சங்க அங்கத்தினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்பாக நகரங்களில் நடைபெறும் கைத்தறிக் கண்காட்சிகளில் சரக்கை விரித்து வைத்து விற்றவர்கள் நம்மில் பலர். வேளாண்மைக் கண்காட்சிகளில் புதிய விதைகளையும் கருவிகளையும் பார்த்து வந்தவர்களும் பலர். ஆனால் கொட்டகையும் மேசையும் காவற்காரரும் இல்லாமல், வீட்டிலிருந்தபடியே கணினித் திரையிலோ கைபேசியிலோ நுழைந்து காணக்கூடிய கண்காட்சிகளும் இக்காலத்தில் அமைக்கப்படுகின்றன. அவற்றை மெய்நிகர் கண்காட்சி என்கிறார்கள். அப்படி ஒன்றை அமைக்கும் வேலை எங்களுக்குப் பாடமாக வாய்த்தது.

நாங்கள் ஐவர், கல்லூரியில் வரலாறு பயில்பவர்கள். எங்களில் மூவர் தறியுள்ள வீடுகளிலும், இருவர் பருத்தி விளைவிக்கும் வீடுகளிலும் பிறந்தவர்கள். பருவத் தேர்வுக்கு மாற்றாக, ஒரு பொருளைக் கருவாகக் கொண்டு உலக அருங்காட்சியகங்களின் படங்களைத் தேர்ந்து, விளக்கமெழுதி, வரிசைப்படுத்தி, திரையில் ஒரு கண்காட்சி அமைக்குமாறு ஆசிரியர் பணித்தார். நாங்கள் செய்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்காக இதனை எழுதவில்லை. அவ்வேலையின் நடுவே ஒரு சிறு கட்டம் நிரப்பப்படாமல் நின்றது. அதனை நிரப்ப முயன்றபோது, எங்கள் வீட்டாரிடமும் நமது சங்கத்திடமுமே வந்து கேட்க வேண்டியதாயிற்று. அந்தச் செய்தி அங்கத்தினர் அனைவருக்கும் உரியது என்று கருதுகிறோம்.

படங்கள் கிடைத்த வகை

பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கும் பொருள்களில் ஒரு சிறு பகுதியே கூடங்களில் வைக்கப்படுகிறது. மற்றவை அறைகளில் பூட்டியிருக்கும். துணிகளோ வெளிச்சம் பட்டால் நிறம் மங்குபவை. ஆகையால் ஓவியங்களைக் காட்டிலும் அவை வெளியே வரும் நாட்கள் குறைவு. இந்நிலை அண்மைக் காலத்தில் ஓரளவு மாறியிருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் அருங்காட்சியகம் 2012-ஆம் ஆண்டில் 1,25,000 படங்களை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் 3,75,000 படங்களுக்கு மேல் எவ்விதக் கட்டுப்பாடும் இன்றி அளித்தது. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிலையம் 2020 பிப்ரவரியில் 28 லட்சம் படங்களை வெளியிட்டது. அடுத்த மாதமே பெருந்தொற்றினால் உலகெங்கும் அருங்காட்சியகக் கதவுகள் மூடப்பட்டன. மாணவர்கள் திரையிலேயே கண்காட்சி அமைக்கும் வழக்கம் அதன்பின் மேலும் பரவலாயிற்று.

எடுத்துக்கொள்ளலாம் என்றதும் எல்லாவற்றையும் எடுத்துவிட முடியாது. ஒரு படைப்பின் உரிமை நம் நாட்டுச் சட்டப்படி படைத்தவரின் வாழ்நாளுக்கும் அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளுக்கும் உண்டு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அது 70 ஆண்டுகள். ஓவியம் பழையதாயினும் அதன் ஒளிப்படத்துக்கு அருங்காட்சியகம் நிபந்தனை விதித்திருக்கலாம். நாங்கள் முதலில் இதனை அறியோம். இன்றும் வாழும் ஓவியர் ஒருவர் வரைந்த அழகான தறிப் படம் ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தோம். ஆசிரியர் அதனைப் பார்த்துவிட்டு, “இதற்கு யாருடைய அனுமதி வாங்கினீர்கள்?” என்று கேட்டார். வாங்கவில்லை. “இன்னொருவர் தறியிலிருந்து துணியை அறுத்துக்கொண்டு வருவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?” என்றார். அன்றே அப்படத்தை நீக்கினோம். அதன்பின் ஒவ்வொரு படத்தையும் எடுக்குமுன் அதன் கீழுள்ள உரிமைக் குறிப்பை வாசிப்பது எங்களுக்கு வழக்கமாயிற்று.

சரக்கறையும் கடையும்

எங்கள் முதல் தலைப்பு ‘உலக நெசவுக் கலை’ என்பது. ஒரு வாரத்தில் அறுபதுக்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. பெரு நாட்டுத் துணி, பாரசீகக் கம்பளம், ஜப்பானிய அங்கி, காஷ்மீரச் சால்வை என்று ஒன்றும் குறைவில்லை. ஆசிரியர் அனைத்தையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, “இது சரக்கறை. கடையாகவில்லை” என்று ஒரே வரியில் முடித்தார்.

அவர் சொன்னதன் பொருள் எங்களில் தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிற்று. கிடங்கில் ஆயிரம் புடவை அடுக்கியிருக்கும். வந்தவர் கேட்டதை அறிந்து பத்தை எடுத்து விரிப்பவரே நல்ல விற்பனையாளர். கண்காட்சி அமைப்பவரும் அத்தகையவரே. அவருக்கு ஒரு தலைப்பு மட்டும் போதாது. ஒரு கேள்வி வேண்டும். எந்தப் படம் அந்தக் கேள்விக்கு விடை கூறுகிறதோ அது நிற்கும். மற்றது எத்துணை அழகியதாயினும் விலகும்.

பல நாள் பேசி நாங்கள் கொண்ட கேள்வி இது: இழையை விளைத்த கையும், நூற்ற கையும், நெய்த கையும் உலகக் கலைச் செல்வங்களில் எங்கே தெரிகின்றன, எங்கே மறைகின்றன? இதனைக் கொண்டு சலித்தபோது அறுபதில் எட்டு மிஞ்சின.

எட்டுப் பொருள்கள்

முதலாவது, மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள கிரேக்க எண்ணெய்க் கலம். கி.மு. 6-ஆம் நூற்றாண்டினது. அதன் வயிற்றைச் சுற்றிலும் பெண்கள் ஆட்டு மயிரை நிறுக்கிறார்கள், நூற்கிறார்கள், நின்றபடி செங்குத்தான தறியில் நெய்கிறார்கள், நெய்ததை மடிக்கிறார்கள். அதனை வரைந்தவர் தம் பெயரை எழுதி வைக்கவில்லை. எனினும் அமாசிஸ் என்று கையொப்பமிட்ட குயவருடைய கலங்களில் அவர் கைவண்ணம் காணப்படுவதால், அறிஞர்கள் அவருக்கு ‘அமாசிஸ் ஓவியர்’ என்று ஒரு பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது, ஸ்பெயின் நாட்டு வெலாஸ்கெஸ் 1655-க்கும் 1660-க்கும் இடையில் வரைந்ததாகக் கருதப்படும் ‘நூற்கும் பெண்கள்’. மாட்ரிட் நகரத்துப் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ராட்டைச் சக்கரத்தின் ஆரங்களை அவர் வரையவேயில்லை; அது சுழல்கிற வேகத்தை ஒரு மங்கலான வட்டமாகக் காட்டிவிட்டார். நெடுங்காலம் இதனை வெறும் தொழிற்கூடக் காட்சி என்றே எண்ணினர். இருபதாம் நூற்றாண்டில்தான் இது அரக்னே என்பவளின் கதை என்று துணிந்தனர். தேவதையோடு நெசவில் போட்டியிட்டுச் சிலந்தியாக மாற்றப்பட்டவள் அவள்.

மூன்றாவது, நமது சோழமண்டலக் கரையில் 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சந்தைக்காக எழுதப்பட்ட படுக்கை விரிப்பு. நடுவில் ஒரு மரம் கிளைத்துப் பூத்து நிற்கிறது. வெண்துணியைக் கடுக்காயிலும் பாலிலும் தோய்த்து, கறுப்பு வரவேண்டிய கோட்டை இரும்பு ஊறிய நீராலும், சிவப்பு வரவேண்டிய இடத்தைப் படிகார நீராலும் எழுதி, சாயவேரில் வேகவைப்பார்கள். படிகாரம் பட்ட இடத்தில் சிவப்புப் பற்றும். படாத இடத்தில் நில்லாது. நீலம் வேண்டுமானால், நீலம் கூடாத இடம் முழுவதையும் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் இறக்குவார்கள். இத்தகைய துணிகள் தம் நாட்டுத் தொழிலைக் கெடுக்கும் என்று அஞ்சி, பிரான்சு 1686-இலும், இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் சட்டமியற்றித் தடுத்தன. இரண்டு அரசுகளை அஞ்சவைத்த அந்தக் கைகள் யாருடையவை என்று விரிப்பில் எங்கும் இல்லை.

நான்காவது, தஞ்சாவூர் ஓவியர்கள் கும்பினி அதிகாரிகளுக்காக வரைந்து கொடுத்த தாள்களில் ஒன்று. தொழிலாளரைக் கணவனும் மனைவியுமாக நிறுத்தி வரைவது அத்தாள்களின் வழக்கம். கீழே தொழிலும் சாதியும் எழுதியிருக்கும். ஆளின் பெயர் இராது.

ஐந்தாவது, வின்சென்ட் வான் கோ 1884-இல் நியூனென் என்னும் டச்சுக் கிராமத்தில் வரைந்த நெசவாளர் ஓவியங்களில் ஒன்று. அறை சிறியது, தறி பெரியது, மரச் சட்டங்களுக்கு நடுவே மனிதர் அமர்ந்திருக்கிறார். அங்கு தாம் கண்ட பழைய கருவாலி மரத் தறியொன்றில் 1730 என்று ஆண்டு செதுக்கியிருந்ததை ஓவியர் தம் தம்பிக்கு எழுதினார். தறிக்கு ஆண்டு தெரிகிறது. தறிகாரருக்குப் பெயர் தெரியவில்லை.

ஆறாவதையும் ஏழாவதையும் எதிரெதிராக வைத்தோம். ஒன்று, அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1876-இல் வரைந்த ‘பருத்தி எடுப்போர்’. அடிமை முறை ஒழிந்து பதினோராண்டு கழிந்தபின் வரையப்பட்டது. பருத்திக் காட்டின் நடுவே இரு கறுப்பினப் பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தி குனிந்து செடியைப் பார்க்கிறாள்; மற்றவள் தொலைவை நோக்குகிறாள். இன்னொன்று, பிரெஞ்சு ஓவியர் தெகா 1873-இல் வரைந்த ‘நியூ ஆர்லியன்ஸ் பருத்தி அலுவலகம்’. கறுப்புச் சட்டை அணிந்த வணிகர்கள், மேசைமேல் வெண்பஞ்சு. முன்னே அமர்ந்து பஞ்சைப் பிய்த்துப் பார்ப்பவர் ஓவியரின் தாய்மாமன் மிஷேல் மூஸோன். நடுவில் செய்தித்தாள் படிப்பவர் தம்பி ரெனே. ஆக, பஞ்சை விலைபேசியவர்களின் பெயரும் உறவும் நமக்குத் தெரியும். பஞ்சை எடுத்தவர்களின் பெயர் தெரியாது. இவ்விரு படங்களையும் அருகருகே வைத்தபின் நாங்கள் விளக்கமாக அதிகம் எழுத வேண்டியிருக்கவில்லை.

எட்டாவது பொருள் ஒரு புத்தகத்தின் பக்கம். ஜான் போர்ப்ஸ் வாட்சன் என்பவர் இலண்டனில் இந்திய விளைபொருள்களுக்கான அதிகாரியாக இருந்தவர். அவர் 1866-இல் இந்தியத் துணிகளை வெட்டி, 700 துண்டுகளாக 18 புத்தகங்களில் ஒட்டி, அவ்வாறு 20 தொகுதிகள் செய்வித்தார். 13 தொகுதிகள் பிரிட்டனிலும் 7 இந்தியாவிலும் வைக்கப்பட்டன. இந்திய மக்கள் எவ்வகைத் துணியை விரும்பி உடுத்துகிறார்கள் என்று பிரிட்டிஷ் ஆலைக்காரர்கள் அறிந்து, அவ்வாறே நெய்து நமக்கு விற்பதற்கு அவை உதவும் என்பது நோக்கம். ஆலைகள் நிறைந்திருந்த பிரெஸ்டன் நகரத்து ஹாரிஸ் அருங்காட்சியகத்தில் ஒரு தொகுதி இன்றும் இருக்கிறது. சென்னை மாகாணத்து ஊர்களில் நெய்த துண்டுகளும் அவற்றில் உண்டு. துண்டின் அருகே துணியின் வகை, நீளம், அகலம், எடை, ஊர் முதலியன அச்சிட்டிருக்கின்றன.

வீட்டார் செய்த திருத்தங்கள்

திரையில் எல்லாம் அமைந்ததும் முதல் பார்வையாளர்களாக எங்கள் வீட்டாரையே அழைத்தோம். கண்காட்சி அமைப்போர் இதனைத் தவறாது செய்யவேண்டும் என்பது எங்கள் அனுபவம். ஆசிரியர் கண்டறியாத பிழைகளை அவர்கள் கண்டார்கள்.

எங்களில் ஒருவருடைய பாட்டி, வாட்சன் புத்தகத்துத் துண்டைப் பார்த்து, “இது என்ன, கயிற்றிலா நெய்தார்கள்?” என்று கேட்டார். நாங்கள் திகைத்தோம். பிறகுதான் விளங்கிற்று. திரையில் எட்டுப் பொருளையும் ஒரே அளவில் வைத்திருந்தோம். புத்தகப் பக்கத்தில் அடங்கும் மெல்லிய துண்டு, படுக்கை விரிப்புக்குச் சமமாகப் பெருத்து நின்றது. அதன் இழை கயிறாகத் தெரிந்தது. கிரேக்கக் கலத்தின் உயரம் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர், கையில் அடங்குவது. விரிப்போ ஆளைவிட உயரமானது. உண்மையான கூடத்தில் இவ்வேறுபாட்டைக் கண் தானே அறியும். திரை அதனை அழித்துவிடும். உடனே ஒவ்வொரு பொருளுக்கும் அளவை எழுதி, பக்கத்தில் அதே விகிதத்தில் ஒரு கையின் உருவத்தையும் வைத்தோம்.

வான் கோவின் ஓவியத்துக்கு, ‘தறி என்னும் கூண்டில் அகப்பட்ட மனிதர்’ என்று நாங்கள் விளக்கம் எழுதியிருந்தோம். கலை நூல்களிலும் அத்தகைய கருத்து உண்டு. நாற்பதாண்டு தறியில் இருந்த ஒரு தந்தையார் அதனைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். சற்று நேரம் படத்தையே பார்த்திருந்தார்.

“கூண்டு என்று பார்ப்பவர் சொல்லலாம், தம்பி. உள்ளே இருப்பவர் அப்படி நினைக்கவில்லை. அவர் கண் எங்கே இருக்கிறது பாருங்கள். ஊடை விழுகிற இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைப் பார்க்கிறவருக்கு மரம் தெரியாது” என்றார்.

அவர் தறியைப் புகழவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூலி போதாமையை எவரிலும் நன்றாக அறிந்தவர் அவர். ஆனால் வறுமை வேறு, வேலையில் உள்ள கவனம் வேறு. ஒன்றைச் சொல்ல மற்றதை மறைக்கக்கூடாது என்பது அவர் கருத்து. விளக்கத்தை மாற்றி எழுதினோம். ஒவ்வொரு விளக்கமும் 60 சொற்களுக்கு மேற்படலாகாது என்பது ஆசிரியர் விதித்த எல்லை. அந்த அறுபதில் கூலிக்கும் இடம் கொடுத்தோம், கண்ணுக்கும் இடம் கொடுத்தோம்.

ஹோமரின் ஓவியத்தைப் பார்த்த ஒரு தாயார், முதலில் அப்பெண்களின் விரல்களைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். வெடித்த காயின் காய்ந்த ஓட்டு நுனி நகக்கண்ணில் ஏறும் வலியைச் சொன்னார். “நிமிர்ந்து நிற்கிறாளே, அவள் எதையோ யோசிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இடுப்பு நோகாமல் இருக்கவும் நிமிர்ந்திருக்கலாம்” என்றார். அந்த வாக்கியத்தையும் திருத்தினோம்.

காலியாக நின்ற கட்டம்

இனி, முன்னே சொன்ன கட்டத்துக்கு வருவோம். கண்காட்சியை அமைக்க நாங்கள் ஒமேக்கா என்னும் மென்பொருளைப் பயன்படுத்தினோம். அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு நிலையம் 2008-இல் வெளியிட்டது அது. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிவுத் தாள் உண்டு. தலைப்பு, படைப்பாளர், காலம், வகை, உரிமை முதலாகப் பதினைந்து கட்டங்கள். நூலகத்தாரும் கணினி வல்லுநரும் 1995-இல் ஓஹாயோ மாநிலத்து டப்ளின் என்னும் ஊரில் கூடித் தொடங்கிய முறை இது. நமது சங்கத்தின் இருப்புப் பதிவேட்டை ஒத்தது என்று கொள்ளலாம்.

ஓவியங்களுக்குப் ‘படைப்பாளர்’ கட்டத்தை நிரப்புவதில் தயக்கமில்லை. வெலாஸ்கெஸ், வான் கோ, ஹோமர், தெகா. கலத்துக்கும் ‘அமாசிஸ் ஓவியர்’ என்று எழுதினோம். ஆனால் விரிப்புக்கும் வாட்சன் புத்தகத்துத் துண்டுக்கும் என்ன எழுதுவது? எங்களுள் மூன்று கருத்துகள் எழுந்தன. காலியாக விடலாம், முறையும் அதற்கு இடம் தருகிறது என்றார் ஒருவர். ‘அறியப்படாதவர்’ என்று எழுதுவதே உலக வழக்கம் என்றார் மற்றொருவர். புத்தகத்துக்குப் போர்ப்ஸ் வாட்சன் பெயரையே எழுதலாம் என்றார் இன்னொருவர். சில பட்டியல்களில் அவ்வாறு இருப்பதும் உண்மையே. ஆனால் அவர் வெட்டியவர், நெய்தவர் அல்லர்.

இந்த வாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்த அதே தந்தையார், “பெயர் தெரியாமல் போயிற்றா, அல்லது எழுதாமல் விட்டார்களா?” என்று கேட்டார்.

இரண்டும் ஒன்றல்ல. துணியின் எடையை நிறுத்தவர்கள், அகலத்தை அளந்தவர்கள், ஊரையும் குறித்தவர்கள், அதே மூச்சில் நெய்தவர் யாரென்றும் கேட்டிருக்க முடியும். அது அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. ‘அறியப்படாதவர்’ என்னும் சொல் அந்த நெசவாளரிடத்திலேயே ஏதோ மறைவு இருந்தது போன்ற தோற்றம் தருகிறது. அவர் தம் தெருவில் எல்லோரும் அறிந்தவராகவே இருந்திருப்பார். ஆகவே, ‘நெசவாளர், பெயர் எழுதி வைக்கப்படவில்லை’ என்று நிரப்பினோம். எட்டுப் பொருள்களையும் மீண்டும் பார்த்தபோது மற்றொன்று புலப்பட்டது. எங்கள் கண்காட்சி முழுவதிலும் பெயருடைய நெசவாளர் ஒருவரே. அவளும் சிலந்தியாகிப் போன கதைப்பெண் அரக்னே.

ஒன்பதாவது பொருள்

இக்குறையை நீக்க, இக்காலத் துணி ஒன்றை நெய்தவர் பெயரோடு சேர்க்கவேண்டும் என்று விரும்பினோம். எங்கள் ஊரிலுள்ள சங்கத்தின் விற்பனை நிலையத்துக்குச் சென்று, கட்டம் போட்ட பருத்திப் புடவை ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். அதன் சீட்டில் விலை இருந்தது. நூலின் நம்பர் இருந்தது. நீளமும் சங்கத்தின் முத்திரையும் இருந்தன. நெய்தவர் பெயர் இல்லை.

செயலாளர் அன்போடு பதிவேடுகளை எடுத்துக் காட்டினார். யாருக்கு எத்தனை நூல் கொடுத்தது, யாரிடமிருந்து எத்தனை புடவை வந்தது, யாருக்கு எவ்வளவு கூலி கொடுத்தது என்று எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. ஆனால் கிடங்குக்குள் போனபின் எந்தப் புடவை யாருடையது என்பதற்குக் குறிப்பில்லை. கூலிக் கணக்கில் பெயர் இருக்கிறது, துணியில் இல்லை. 1866-ஆம் ஆண்டுப் புத்தகத்தைக் குறைகூறிவிட்டு வந்த நாங்கள், எங்கள் வீட்டுத் துணியின் சீட்டிலும் அதே காலியிடத்தைக் கண்டோம். அன்று அயலார் எழுதாமல் விட்டார்கள். இன்று நாமே விடுகிறோம்.

இதனைப் பெரியவர்களிடம் சொன்னபோது எல்லோரும் ஒரே கருத்தினராக இல்லை. சீட்டில் பெயர் இருந்தால், வாங்குவோர் சங்கத்தை விட்டு நேரே தறிகாரர் வீட்டுக்குப் போய்விடுவார்கள், சங்கம் நலியும் என்றார் ஒருவர். ஒரு குறை வந்தால் அவரை மட்டும் சுட்டிக் காட்டுவார்கள் என்றார் மற்றொருவர். கைத்தறி முத்திரையும் புவிசார் குறியீடும் இருக்கின்றனவே, அவை போதாவா என்றார் வேறொருவர். இவை எல்லாம் எண்ணிப் பார்க்கவேண்டியவையே. ஆயினும் கைத்தறி முத்திரை, இது கையால் நெய்தது என்று மட்டும் சொல்கிறது. புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. கை யாருடையது என்று இரண்டும் சொல்வதில்லை. சங்கத்தின் பெயருக்குக் கீழே அங்கத்தினர் பெயரை எழுதுவதால் சங்கம் சிறுத்துவிடாது என்பது எங்கள் எண்ணம். அங்கத்தினர் கூடியதுதானே சங்கம்.

முடிவில், அப்போது தறியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு புடவையையே தேர்ந்தோம். நெய்துகொண்டிருந்த அம்மையாரிடம் விஷயத்தைச் சொல்லிப் பெயர் எழுத அனுமதி கேட்டோம். அவர் முதலில் நாணினார். பிறகு நாடாவை நிறுத்திவிட்டு, “என் பெயர் மட்டும் எப்படிப் போதும்? பாவு ஓட்டியது யார்? தார் சுற்றிக் கொடுப்பது யார்?” என்று கேட்டார். பாவு ஓட்டியவர் பக்கத்துத் தெருக்காரர். தார் சுற்றுபவர் அவருடைய மாமியார்.

பதிவுத் தாளில் ‘படைப்பாளர்’ கட்டத்தைக் காலியாக விடலாம்; ஒரு பெயர் எழுதலாம்; எத்தனை பெயரும் எழுதலாம். நாங்கள் மூன்று பெயர் எழுதினோம். எங்களில் பருத்திக் காட்டிலிருந்து வந்தவர், “பஞ்சு யாருடையது?” என்று கேட்டார். நூல் ஆலையிலிருந்து வந்தது. அதற்குமேல் தடம் தெரியவில்லை. ஆகவே நான்காவது வரியில், ‘பருத்தி விளைவித்தவர், பெயர் எழுதி வைக்கப்படவில்லை’ என்று சேர்த்தோம்.

அங்கத்தினர்க்கு ஒரு வேண்டுகோள்

எங்கள் கண்காட்சி ஒரு பாடத்துக்காகச் செய்யப்பட்டது. மதிப்பெண் வந்துவிட்டது, அது முடிந்துபோன செய்தி. ஆனால் அதனால் நாங்கள் கற்ற ஒன்றைச் சங்கங்கள் எளிதாகக் கைக்கொள்ளலாம் என்று நம்புகிறோம். புதிய மாதிரி ஒன்று தறியிலிருந்து இறங்கும்போது, அதில் ஒரு சாண் துண்டை ஒரு புத்தகத்தில் ஒட்டி, நூலின் நம்பர், சாயம், பாவு ஊடை இழைகளின் எண்ணிக்கை, இறங்கிய தேதி, அதில் கைப்பட்டவர்களின் பெயர் ஆகியவற்றை எழுதி வைக்கலாம். தெரியாததைத் தெரியாது என்றும், எழுதாமல் விட்டதை எழுதவில்லை என்றும் குறிக்கலாம். இதற்குக் கணினி தேவையில்லை. ஒரு கணக்குப் புத்தகமும் கோந்தும் போதும். பின்னர் ஒருநாள் நமது பிள்ளைகள் அதனைப் படமெடுத்துத் திரையில் ஏற்றிக்கொள்வார்கள்.

அவ்வாறு ஏற்றும்போது, பெயர் எழுதும் கட்டத்தில் என்ன எழுதுவது என்று அவர்கள் எங்களைப்போல் விழிக்க வேண்டியிராது. ஒன்பதாவது பொருளைத் திரையில் கண்ட அன்று அந்த மாமியார், தம் பெயரின் முதலெழுத்தைக் குறிலாக எழுதிவிட்டோம், நெடிலாக இருக்கவேண்டும் என்றார். உடனே திருத்திவிட்டோம்.